பத்துக்குப் பன்னிரண்டு

ஜனவரி வெள்ளிக்கிழமை. ருவைஸ் கேம்ப்புக்குப் பின்னால்
பஸ் நிறுத்தும் தரையில்
சாக்பீஸால் வீடு வரைகிறேன், அசல் அளவில்.
பெட்ரூம் பத்துக்குப் பன்னிரண்டு.
கட்டில் போட்டால் கதவு திறக்குமா?
பார்த்துவிடலாமென்று உள்ளே போய்ப் படுத்த பிஸ்வநாத்
அப்படியே தூங்கிப்போனான்.

வீடியோவில் செலஸ்டினா:
சிங்க் ஜன்னலுக்குக் கீழே வேண்டும்,
மாடிப்படி வெளியே போகட்டும், வாடகைக்கு விடலாம்,
உங்களுக்கு எதற்குத் தனி அலமாரி,
வருஷத்துக்கு முப்பது நாள்,
துணி பெட்டியிலேயே இருக்கட்டும்.

சரிதான். இரண்டடி மிச்சம்.
குளியலறைக்குக் கொடுத்தேன்.

நாலு மணிக்கு ஷிஃப்ட் பஸ்
ஹாலில் வந்து நின்றது.
பிஸ்வநாத் புரண்டுகூடப் படுக்கவில்லை.
டிரைவர் இறங்கினார், கோடுகளைப் பார்த்தார்,
வாசல் எதுவென்று கேட்டு
அந்த வழியாக வெளியே போனார்.