கீழ் எல்லை கூர்மை

மான்ட்ரோஸ் கழிமுகத்தில் இன்று நீர் வற்றியிருப்பது
காலை ஏழு பத்திலிருந்து பதினொன்று வரை.
அட்டவணையை நாலாக மடித்து
கம்பளித் தொப்பிக்குள் செருகியிருக்கிறாள் ஊனா.
சேறு ஒவ்வோர் அடியிலும் பூட்ஸைக் கேட்கிறது.
கொடுக்காமல் நடக்கிறோம்.

அரைக்குழாய்த் துளைப்பான், ஒரு மீட்டர் துண்டுகள் நான்கு.
கைப்பிடியில் ஆளுக்கொரு பக்கம் தொங்கி
உடம்பின் எடையைப் பூமிக்குள் அனுப்புகிறோம்.
முதல் மீட்டரில் சாம்பல் களிமண், சிப்பித் துணுக்கு,
யாரோ குடித்துப் போட்ட புட்டியின் மூடி.
இரண்டாவதிலும் களிமண். கொஞ்சம் நாற்றம்.
மூன்றாவதைத் திருகி இழுத்தபோது
இளஞ்சிவப்புக் கால் வாத்துகள் ஐந்நூறு இருக்கும்,
ஒரே இரைச்சலாய் எழும்பின.
எங்களைக் கண்டு அல்ல. பாலத்தில் அபர்தீன் ரயில்.

கத்தியைப் படுக்கவைத்து மேல்தோலை வழித்தாள் ஊனா.
செடிகொடிகள் அழுகிக் கறுத்த பீட் மண்,
அதன் நடுவே, இடமில்லாத இடத்தில்,
வெளிறிய மணல். பன்னிரண்டு சென்டிமீட்டர்.
எடுத்து விரலிடையில் தேய்த்தேன்.
ரவை. வறுக்காத ரவை.

எட்டாயிரம் ஆண்டுக்கு முன்
நார்வேயின் பக்கம் கடலடிச் சரிவொன்று நழுவியது.
பகலா இரவா, யாருக்கும் தெரியாது.
பருவம் மட்டும் தெரியும்:
அந்தக் கரையின் மணலில் அகப்பட்ட பாசித்தண்டுகள்
பச்சை மாறாமல் கிடைத்தன,
அந்த ஆண்டின் தளிர் எவ்வளவு நீண்டிருந்ததோ அந்த அளவில்.
இலையுதிர் காலத்தின் கடைசி.
இப்போது போல, ஏறக்குறைய.

எங்கள் மொழியில் இதற்கு ஒரு சொல் உண்டு என்றேன்.
கடல்கோள்.
கோள் என்றால்?
கொள்ளுதல். எடுத்துக்கொள்வது.
ஊனா குழாயைப் பார்த்தாள்.
'இது கொடுத்துவிட்டுப் போனதல்லவா?'

அக்கரைப்பேட்டையில் அப்போது எனக்குப் பத்து வயது.
அண்ணி மூன்று நாள் விடாமல் பெருக்கினாள்.
வாசற்படியில், அடுப்பில், அரிசி டின்னில்,
தையல் மெஷினின் சின்ன இழுப்பறையில்
பாபினில் சுற்றிய நூலுக்குள்ளேயும் மணல்.
விளக்குமாறு தேய்ந்து கட்டையானது.
வலை பிரிக்கப் போன அண்ணனைப் பற்றி
ஒருவரும் பேசவில்லை, பெருக்கும் சத்தம்தான்.

தை பிறக்குமுன் மூன்று பேர் வந்தார்கள்.
டேப், பிளாஸ்டிக் பைகள், நோட்டு.
'வீட்டுக்குள்ள எவ்வளவு கனம் படிஞ்சிருந்துச்சுங்க?'
அண்ணி கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காட்டினாள்.
விரித்த கையை மடக்காமலே கேட்டாள்:
'அளந்து என்ன பண்ணப் போறீங்க?'
ஒருவர் தரையைப் பார்த்தார்.
ஒருவர் எழுதிக்கொண்டார்.

என்ன எழுதியிருப்பார் என்று
இருபது வருடமாக எனக்கொரு யோசனை.
அநேகமாக இப்படி:
ஒரு சாண். வாய்மொழித் தகவல். படிவு அகற்றப்பட்டுவிட்டது.
நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

இங்கே பெருக்க யாருமில்லை.
இருந்தவர்கள் போய்விட்டார்கள், அல்லது போகவில்லை.
மணலின் மேல் நாணல் வளர்ந்து, செத்து, வளர்ந்து
அதன் மேல் இந்தச் சேறு,
சேற்றின் மேல் முழங்காலிட்டு நாங்கள்.

ஊனா சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.
ஆழம்: இரண்டு மீட்டர் நாற்பத்தொன்று முதல் ஐம்பத்து மூன்று வரை.
நிறம்: வெளிர்சாம்பல்.
கீழ் எல்லை: கூர்மை. பிளேடு வைத்தாற்போல.
மேல் எல்லை...
நகத்தை மேலே கொண்டுபோனாள், கீழே கொண்டுவந்தாள்,
கண்ணாடியைக் கழற்றிக் குனிந்து பார்த்தாள்.
மணல் கொஞ்சம், மண் கொஞ்சம்,
மணல் இன்னும் கொஞ்சம்.
'கோடு வேண்டாம். புள்ளி வை.'

பத்து நாற்பது. ஓடைகளில் நீர் திரும்பிவிட்டது.
குழாயைப் படம் சுற்றி, வாழைத்தண்டு போல் தோளில் ஏற்றினோம்.
இடது பூட்ஸைச் சேறு பிடித்துக்கொண்டது.
இழுத்தேன்.