இரண்டு கிலோ

முப்பது டன் பெட்டியை
முட்டை வைப்பதுபோல் கப்பலில் வைப்பவள் நான்.
கிளைபேதா துறைமுகத்தில் பதினேழு வருடமாய்
தரைக்கு நாற்பது மீட்டர் மேலே என் கிரேன் கூண்டு.
பயமாயில்லையா என்பவர்களிடம்
கீழே இருப்பதுதான் பயம் என்பேன்.

சும்மா பேச்சு.
நவம்பரில் ஓர் இரவுப் பணி முடிந்து எழுந்தபோது
இருக்கை சிவந்திருந்தது.
கையுறையால் துடைத்தேன்.
அடுத்த மாதமும் துடைத்தேன்.
பிறகு கறுப்புத் துண்டு ஒன்றை விரித்து உட்காரப் பழகினேன்.

டாக்டர் யுர்கிதா தாளில் ஒரு பேரிக்காய் வரைந்தார்.
அதற்குள் உருண்டைகள். எண்ணாமல் வரைந்துகொண்டே போனார்.
"எடுத்துவிடலாம்" என்றார்,
ஜன்னல் திரையைச் சலவைக்கு எடுப்பதுபோல்.
எடுத்து எங்கே வைப்பீர்கள் என்றேன்.
அவருக்குக் கேட்கவில்லை,
அல்லது கேட்டது.

நாற்பத்தாறு வயதில் யார் தொட்டில் வாங்குகிறார்கள்.
உக்னேவே என் காலணியைப் போட்டுக்கொண்டு போகிறாள்.
ஆனாலும் முந்தின இரவு
குளியலறையில் அடிவயிற்றில் கை வைத்து
காலி செய்யப்போகிற வாடகைக்காரியிடம் பேசுவதுபோல் பேசினேன்:
மாதாமாதம் உன்னைத் திட்டத்தான் செய்தேன்.
ஒருத்தியைப் பத்திரமாய் இறக்கிக் கொடுத்தாய்.
அதைச் சொல்ல நேரமே வரவில்லை.

கத்திக்குப் பயப்படவில்லை.
மூன்று பேர்,
விரிப்பின் நான்கு மூலை,
"ஒன்று, இரண்டு" என்று ஒருவர் எண்ண
கட்டிலிலிருந்து மேசைக்கு நான் நகர்ந்த அந்த நொடி.
என் பெட்டிகளுக்கும் நான்கு மூலைதான்.
யாருடைய விரல் எந்த நெம்புகோலில் என்று
கீழிருந்து பார்க்க முடியவில்லை.
முகமூடிக்குள் ஏதோ மருந்து மணத்தது.
அப்போதுதான் உண்மையாகவே வயிறு கலங்கியது,
கலங்க இன்னும் வயிறு இருக்கும்போதே.

விழித்தபோது வலித்தது தோள்பட்டை.
உள்ளே அடைத்த காற்று அங்கே போய் நிற்கிறதாம்.

பக்கத்துக் கட்டிலில் மில்தா, ரொட்டிக்கடைக்காரி,
முப்பத்துநான்கு வயது.
அவள் பெயர் யோசித்து வைத்திருந்தவள்.
முதல் நாள் முழுக்கச் சுவரையே பார்த்திருந்தாள்.
என் நிம்மதியை அவள் முன் எங்கே வைப்பதென்று தெரியாமல்
போர்வைக்குள் வைத்துக்கொண்டேன்.
மூன்றாம் நாள் தாழ்வாரத்தில்
தலையணையை வயிற்றோடு அணைத்தபடி
நத்தைகள்போல் இருவரும் நடந்தோம்.
"நீங்கள் வேகமாகப் போகிறீர்கள்" என்றாள்.
சிரித்தேன். தையல் இழுத்தது.
"சிரிக்க வைக்காதே" என்றதும் அவளும் சிரித்து,
சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டாள்.
நர்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

ஆறு வாரம். இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது.

ரிம்விதாஸ் சமையலறைத் தராசை மேசையில் வைத்தார்.
முட்டைக்கோஸ் ஒன்றே முக்கால்: அனுமதி.
கெட்டில் பாதி நீருடன்: அனுமதி.
பூனை ஐந்தே கால்.
அது மடியருகே வந்து கைகளைப் பார்த்து நின்றது,
பிறகு மனமில்லாமல் தானே ஏறியது.
மூன்றாம் வாரம் ஒருநாள்
துடைத்த தட்டைப் பிடித்தபடியே அழுதேன்.
காரணம் எதுவும் இல்லை.
தட்டு நானூறு கிராம்.

மில்தா ஒருமுறை கறுப்பு ரொட்டி அனுப்பினாள்.
சீட்டில் எடை மட்டும் எழுதியிருந்தாள்.

மே மாதம் கூண்டுக்குத் திரும்பினேன்.
முதல் வேலை, காலிப் பெட்டிகள்.
சுலபமானதைக் கொடுத்திருக்கிறோம் என்றான்
மேற்பார்வைக்கு வந்திருந்த புதுப்பையன்.
அவனுக்குத் தெரியாது.
கனத்த பெட்டி நேராய்த் தொங்கும்.
காலிப் பெட்டியைத்தான் காற்று பிடித்து ஆட்டும்.

"நெரிங்கா, காற்று பதினொன்று" என்றது வயர்லெஸ்.
"பார்த்தேன்."

பெட்டி ஆடியது.
ஆடி முடிக்க அதற்கென்று ஒரு நேரம் உண்டு.
நெம்புகோலிலிருந்து கையை எடுக்காமல்
காத்திருந்தேன்.