217ஆம் வரி

பள்ளிக்கூடத்து விளையாட்டு மண்டபத்தில்
நூற்றி நாற்பது கதிரைகளையும் நான்தான் போட்டேன்.
பிறகு கைகழுவி, வேலைச் சட்டையைக் கழற்றி,
அவற்றில் ஒன்றில் வந்து உட்கார்ந்தேன்.
கடவுச்சீட்டு மாறி நான்கு மாதம்.
ஹின்டர்மோஸ் ஊர்ச்சபையில் இது என் முதல் கை.

வரவுசெலவுத் திட்டம் மடியில் கிடக்கிறது.
பனி அள்ள இவ்வளவு. தெருவிளக்குக்கு இவ்வளவு.
217: பள்ளிக் கட்டடம், துப்புரவு, சம்பளம்.
அந்த வரியில் நான் இருக்கிறேன்,
பெயரில்லாமல்,
சவர்க்காரத்துக்கு மேலே, சன்னல் கண்ணாடிக்குக் கீழே.
எழுதுவதும் வரி, இறுப்பதும் வரி.
பக்கத்துக் கதிரைத் தபால்காரிக்கு
இதை எப்படிச் சொன்னாலும் சிரிப்பு வராது.

முதலாவது, பாலம்.
ஓடைக்கு மேல் அறுபத்தைந்து வருடமாக நிற்கிறது.
தீயணைப்பு வண்டி ஏறினால் முனகுகிறது.
நிதிப் பொறுப்பாளர் ரூக்செக்கர் படம் காட்டினார்:
துருப்பிடித்த கம்பிகள், விலா எலும்பு மாதிரி.
பதினெட்டு இலட்சம் பிராங்.
கைகள் எழும்பின. எழும்பாமல்?
யார் பிள்ளை அதில் நடக்கவில்லை?
நூற்றிப் பதினெட்டு. கைதட்டலும் கூட.

இரண்டாவது, அந்தப் பாலத்துக்கு வரி.
ஒன்று தசம் ஆறு நான்கு
ஒன்று தசம் ஏழு இரண்டாகட்டும் என்றார்.
எனக்கு வருடம் நூற்றி நாற்பது பிராங்,
சின்னவனின் குளிர்காலச் சப்பாத்து.
மண்டபம் இருமத் தொடங்கியது.
பால்பண்ணை எஷ்லிமான் எழுந்தார்.
"செலவைக் குறையுங்கள்."
எந்தச் செலவை என்று யாரோ கேட்க
எல்லோரும் தாளைப் புரட்டினார்கள்.
முன்வரிசையில் ஒரு விரல் 217இல் நின்றது. கண்டேன்.
பிறகு நகர்ந்தது.

ஆதரவு ஐம்பத்திரண்டு. எதிர்ப்பு எண்பத்தொன்று.
என் கை பாதி உயரத்தில் நின்றது;
எண்ணியவர் அதை எந்தப் பக்கம் சேர்த்தாரோ.

ரூக்செக்கர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
"சரி. அப்படியானால் கடன்."
அதற்கு யாரும் கை தூக்கவில்லை.
ஆமுக்கும் இல்லைக்கும் நடுவே புகுந்து
நான் போடாத கதிரையொன்றில்
அது தானாகவே உட்கார்ந்துகொண்டது.

இருபத்தைந்து வருடத் தவணை.
யார் தருகிறார்கள் என்று கேட்டேன்;
அவர்கள் மொழி என் நாக்கில் கொஞ்சம் சறுக்கியது.
ஓய்வூதிய நிதியொன்று. பெயர் சொன்னார்.
மாதாமாதம் என் சம்பளத்தில் வெட்டுகிற அதே பெயர்.
அப்படியென்றால் பாலத்தில் ஒரு சாண்
நான் ஊருக்குக் கொடுத்த கடன்.
அதன் வட்டியை ஊர் எனக்குக் கட்டுவதற்கு
ஊருக்கு நான் வரி கட்டுவேன்.
சீட்டுப் பிடித்தவளுக்கு இது விளங்காததல்ல:
முந்தி எடுத்தால் கழிவு, பொறுத்திருந்தால் முழுத்தொகை.
ஆனால் எங்கள் சீட்டில்
இன்னும் பிறக்காத பிள்ளையின் பெயரை எழுதுவதில்லை.

சபை கலைந்த பிறகு
கதிரைகளை அடுக்க எஷ்லிமான் நின்றார்,
ஒரே தூக்கில் நான்கு நான்காக.
"பாலத்துக்கு நீங்களும் கை தூக்கினீர்கள்தானே?"
"மகள் வீடு அந்தப் பக்கம்."
"வரிக்கு?"
அவர் இன்னும் நான்கு கதிரைகளைத் தூக்கினார்.

நான் விளக்கை அணைத்தேன்.
மின்சாரம், 217க்கு அடுத்த வரி.