நாலாவது ஆள்

இரவு எட்டேமுக்காலுக்கு
ஒட்டுசுட்டான் சந்தியில் றீலோட் கடையைப் பூட்டிவிட்டு
உள்ளே லைற் போடாமல் இருந்து விளையாடுகிறேன்.
மேசைக்குக் கீழே சார்ஜர், காலடியில் நுளம்புத்திரி.

நாங்கள் மூன்று பேர்.
கீர்த்திகன் மாங்குளத்தில் பேக்கரி,
மாவு பொங்குகிற இடைவெளியில் வருவான்.
சங்கவி கிளிநொச்சி ஆஸ்பத்திரி விடுதியில்,
அறைத்தோழி நித்திரை என்பதால் எப்போதும் தாழ்ந்த குரல்.
நாலாவது ஆளைக் கேமே பிடித்துத் தரும்.
ஆர் எவர் என்று கேட்க முடியாது.
கலியாணப் புரோக்கர்கூட
ஒரு சாதகமாவது கொண்டு வருவார்.

விதிகளை நான்தான் எழுதினேன்,
அட்மின் என்றபடியால்.
தாயைச் சொல்லி ஏசக்கூடாது.
மருந்துப் பெட்டியை ஒருவரே அள்ளக்கூடாது.
பெண்குரல் கேட்டவுடன் 'நம்பர் தாங்கோ' என்கிறவனை
அந்த நொடியே வெளியே போடுவது.
பாதியில் எழும்புகிறவர் சொல்லிவிட்டு எழும்ப வேணும்,
ஒரு சொல் போதும்: வாறன்.
இங்கே போகிறவர்கள் சொல்லுகிற சொல் அதுதானே.

விழுந்தவரைத் தூக்காமல் போகக்கூடாது என்றும் ஒன்று.
அதை எழுதும்போது விரல் கொஞ்சம் நின்றது.
வன்னி என்றதும் நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும்.
இது கேம்.
பச்சைக் கோடு நிறையும்வரை
பக்கத்தில் குந்தியிருக்க வேணும், பத்து நொடி.
அவ்வளவுதான் விதி.

போன செவ்வாய் வந்தவனின் பெயர்
டார்க் கொக்கு.
கேட்காமலே தோட்டா போட்டான்.
'பின்னால பாருங்கோ' என்று
முகம் தெரியாத எங்களுக்கு 'ங்கோ' போட்டான்.
இப்படி ஒரு நாலாவது ஆள் வந்து மாதக்கணக்கு.

கடைசி வட்டம். எட்டுப் பேர் மிச்சம்.
கொக்கு ஒரு மதிலோரம் நின்றது,
நின்றபடியே நின்றது.
ஏதோ மீனுக்குக் காத்திருக்கிறதென்று முதலில் நினைத்தோம்.
வட்டம் சுருங்கி வந்தது.
கீர்த்திகன் கத்தினான்,
முதலாம் விதியை முழுதாக மீறி,
கொக்கின் தாயிலிருந்து தொடங்கி.

சங்கவி மட்டும் திரும்பி ஓடினாள்.
'விடு, வா' என்றேன். வரவில்லை.
விழாமல் நிற்கிறவனுக்கு
எங்களிடம் விதி இல்லை.
அவள் போய் அவனருகில் குந்தினாள்,
நீலச் சுவர் வந்து இரண்டு பேரையும் மூடும்வரை.

தோற்றோம்.
றிப்போர்ட் பொத்தானை அழுத்தினேன்.
காரணம் கேட்டது:
களவாக விளையாடினாரா, ஏசினாரா,
ரீமை விட்டுப் போனாரா.
மூன்றாவதைத் தொட்டேன்.
ஏழு நாள் தடை என்று உடனே வந்தது,
என் நியாயம் அவ்வளவு கெதியில் தீர்ப்பாகும் என்று நான் எண்ணியிருக்கவில்லை.

பிறகுதான் சங்கவி சொன்னாள்.
எனக்குக் கடை ஃபானின் இரைச்சல்.
அவளுக்கு இயர்போன்.
அவனுடைய மைக் திறந்து கிடந்ததாம்.
முதலில் தவளைகளாம்,
பிறகு ஆரோ தகரத்தில் அடிக்கிற சத்தம்,
'ஆனை வாழைக்குள்ள நிக்குது' என்று ஒரு பெண்,
ஒரு வெடி,
எங்கள் துவக்கு எதிலும் இல்லாத வெடி.
எந்த ஊர் என்று தெரியவில்லை.
முத்தையன்கட்டோ, கனகராயன்குளமோ,
ஆனை வராத ஊர் எது.

ஆனை என்றொரு கட்டம்
அந்தக் காரணப் பட்டியலில் இல்லை.
இருந்திருந்தாலும் அழுத்தியிருப்பேனா தெரியாது;
ஏசின கீர்த்திகனை நான் இன்னும் வெளியே போடவில்லை,
எட்டு வருடப் பழக்கம்.

கொக்குக்கு நட்பு வேண்டுகோள் அனுப்பினேன்.
பெயர் சாம்பலில் கிடக்கிறது.
இன்றைக்கு ஐந்தாம் நாள்.
நாலாவது இடத்தைப் பூட்டிவிட்டு
மூன்று பேராகப் போகிறோம், மூன்று பேராகத் தோற்கிறோம்.
கீர்த்திகன் ஏச வாயெடுத்தான்.
பிறகு, 'மாவு புளிக்கப்போகுது' என்றான்.
'வாறன்.'