சிறகுக்காக வெட்டிய வளைவு

முந்தின ராத்திரி காரைக் காலி செய்தேன்.
கதவுப் பையில் பெட்ரோல் பங்க் ரசீதுகள்,
சீட்டுக்கடியில் உருண்டு கிடந்த இருமல் மருந்து,
கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலை.
மன்னியும் மாதாவே,
வேகத்தில் அதுவும் ஒரு கல்.

இரண்டே இருக்கை.
"ரெண்டு சீட்டுக்கு இம்புட்டு ரூவாயா?" என்றான் கொழுந்தன்.
பதினெட்டு வருடம் சலாலாவில்
அடுத்தவர் நரம்பு தேடித் தேடிச் சேர்த்த ரூபாய்.
பதில் சொல்லவில்லை. சக்கரத்தைக் கழற்றினேன்.

குளச்சல் காற்றுக்கு எந்த இரும்பும் நிலைக்காது.
போல்ட்டுகள் உப்புப் பூத்துக்
கணவாய் ஓடு போல வெளுத்திருந்தன.
கம்பித் தூரிகை, டீசல், பிறகு முறுக்குச்சாவி.
நூற்றிருபதில் டக் என்றது.
ஒரு சக்கரத்துக்கு ஐந்து. மொத்தம் இருபது டக்.

பிரேக் எண்ணெயை மாற்றச் சொல்லியிருந்தான் டைட்டஸ்.
அலமாரியில் போன வருடத்து டப்பா பாதி இருந்தது.
மூடி இறுக்கமாகத்தான் இருந்தது.
புது டப்பா தொள்ளாயிரம்.
ஊற்றிவிட்டேன்.

முப்பந்தலில் காற்றாலைகளுக்கு நடுவே
ஏதோ கம்பெனி போட்ட தார்.
ஐம்பது மீட்டர் இறக்கையை லாரியில் படுக்கவைத்துத்
திருப்புவதற்காக அகல அகலமாய் வெட்டிய வளைவுகள்.
கம்பெனி நொடித்தது, இறக்கை வரவில்லை.
வருடத்தில் ஒரு ஞாயிறு எங்களுக்கு வாடகைக்கு.
(பூசைக்குச் சனிக்கிழமையே போய்விட்டேன்.)

பாட்டரியை உலுக்கிப் பார்த்தார் ஆய்வாளர் எட்வின்ராஜ்.
சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார். ஹெல்மெட்டின் வாரை இழுத்தார்.
எண்ணெயின் வயதை அவர் கேட்கவில்லை.
கதவில் கறுப்பு டேப்பால் என் எண்: 27.
ஏழின் கால் கொஞ்சம் கோணல்.

முதல் சுற்று சும்மா, டயருக்குச் சூடு காட்ட.
இரண்டாவதில் தோள் இறங்கியது.
மூன்றாவதில்
ஆரல்வாய்மொழிக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ள
மூன்றாம் கியர், நாலாம் கியர்,
நூற்றைம்பது பலகை, நூறு பலகை,
மிதி.
பெல்ட் மார்பைப் பிடித்தது.
மூக்கு தாழ்ந்து வளைவின் உள்ளோரத்தை முகர,
பின்சக்கரம் ஒரு முடியளவு வழுகித்
திரும்ப வந்து அமர்ந்தது.
ஹெல்மெட்டுக்குள் யாரோ சிரித்தார்கள். நான்தான்.

ஐந்தாவதில் பெடல் பஞ்சானது.
மிதித்தேன், தரைவரை போனது.
மறுபடி. மறுபடி.
கியரை இறக்கினேன், எஞ்சின் ஊளையிட்டது.
நூறு போயிற்று, ஐம்பது போயிற்று,
பிறகு பலகையே இல்லை.
அப்போதுதான் அந்த அகலம்.
வராத இறக்கைக்காக வெட்டிய வெளியோரம்.
கார் போய்க்கொண்டே இருந்தது,
தாரும் இருந்துகொண்டே இருந்தது,
கடைசியில் செம்மண், உடைமரம், தூசி.
ஒரு முள் கண்ணாடியை மெல்லத் தட்டியது.
தலைக்கு மேலே காற்றாலை
தன்பாட்டில் சுற்றியது.

டைட்டஸ் ஓடி வந்தான்.
"எக்கா, ஒனக்கு ஒண்ணுமில்லல்லா?"
பானட்டைத் திறந்தான். என்னைப் பார்த்தான்.
"பழைய டப்பாவா?"
"ம்."
"சவத்த, அது ஒரு வருசமாட்டு
கடக்காத்தக் குடிச்சிட்டுல்லா கெடந்திருக்கு.
தண்ணி கொதிச்சா பெடலு நிக்குமா?"

திறந்த மருந்துப் புட்டியில் தேதி எழுதாத நர்சுகளை
வார்டே கேட்கக் கிழித்தவள் நான்.
அரபியிலும் கிழித்திருக்கிறேன்.
உடைமர நிழலில் உட்கார்ந்து
ஒரு பாட்டில் தண்ணீரையும் குடித்துத் தீர்த்தேன்.

அவன் டப்பாவைத்தான் ஊற்றினோம்.
மிச்சத்தில் மார்க்கரால் தேதி எழுதி,
கீழே மணியும் எழுதினேன், பழக்கம்.
அதற்குப் பிறகு ஒரே சுற்று, முப்பதில்,
ஒவ்வொரு பலகைக்கும் முன்பே மிதித்துப் பார்த்துக்கொண்டு.

திரும்பும்போது தோவாளையில்
பிச்சிப்பூ ஏற்றிய டெம்போவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன்.
முந்தலாம். முந்தவில்லை.
கதவில் டேப் பிரிந்து படபடத்தது.
வடசேரி தாண்டும்போது ஏழின் கால் பறந்துவிட்டது.
ஒரு இரண்டும் ஒரு கோடும்
குளச்சல் வரை வந்தன.