எதிர்த்தரப்புப் பந்தி

தலைப்பு கரும்பலகையில் இருந்தது:
முந்தனை ஆற்றில் மண் அகழ்வதைத் தடைசெய்ய வேண்டும்.
சீட்டுக் குலுக்கியதில்
ஆதரிக்கும் பக்கம் எனக்கு விழுந்தது.

டிலக்சனா வாயைப் பொத்திச் சிரித்தாள்.
எங்கள் வளவில் நிற்கும் மெசினையும்
அதன் பெட்டியடியில் எந்நேரமும் சொட்டும் ஈரத்தையும்
கிரானில் அறியாதவர் யார்.

முதற்பந்தி நிலைப்பாடு.
இரண்டாம் பந்தி சான்று.
அது சுலபம், கண்ணால் கண்டது:
கரை இடிந்து மருதமரம் வேரோடு சாய்ந்த கிழமை,
பள்ளம் தெரியாமல் இறங்கிய எருமை
மூன்றாம் நாள் ஊதி மிதந்தது,
பரிமளம் அக்காவின் கிணறு
வைகாசியிலேயே சேறு காட்டியது.
இடையிடையே
"பாரிய", "பேராபத்தான", "கவலைக்கிடமான" என்று
கனத்த சொற்களாய்த் தூக்கிப் போட்டிருந்தேன்.
மிஸ் எல்லாவற்றையும் வெட்டியிருந்தா.
எருமையின் பக்கத்தில் மட்டும்
சின்னதாய் ஒரு சரி.

மூன்றாம் பந்தி எதிர்த்தரப்புக்கு.
அதில் இரண்டே வரி வைத்திருந்தேன்:
"சிலர் பணத்தாசையால் இதைச் செய்கின்றனர்.
இது தவறாகும்."
ஓரத்தில் சிவப்பு மை கேட்டது:
யார் அந்தச் சிலர்?

சனி இரவு பத்து மணி.
அப்பா வாசலில் சாரத்தை உதறினார்.
உதறிய இடத்தில் ஒரு பிடி ஆறு.
நான் கொப்பியை மூடவில்லை.

"என்ன புள்ள எழுதுறாய்?"
சொன்னேன்.
சோற்றைப் பிசைந்த கை நின்றது.
"அப்ப எனக்கு எதிராவா?"
"தலைப்பு அப்படி, அப்பா."
"சரி எழுது.
மறுகா என்ட பக்கத்தையும் கேட்டு எழுது."

கேட்டேன்.
வயலில் வருசத்துக்கு நாலு மாசம்தான் வேலை,
மிச்ச எட்டு மாசமும் வயிறு லீவு எடுக்குமா என்றார்.
பெர்மிட் வைத்திருப்பவர் ஆற்றைக் கண்டதேயில்லை,
பாலத்தடியில் பிடிபடுவது நான் என்றார்.
ஒரு லோட்டில் தன் கைக்கு வருவதைச் சொன்னார்.
அந்தக் கணக்கை அம்மாவே
அன்றுதான் கேட்டா.
"நீ இருந்து படிக்கிற புதுக் கட்டடத்துக்கு
பதினேழு லோட்.
ஏத்தினது நான்தான்."

பேனா பின்னால் ஓடியது.
ஒரு அடைமொழிகூட நான் சேர்க்கவில்லை.

கை கழுவப் போனவர் திரும்பி வந்தார்.
"மருதமரம் விழுந்த அண்டைக்கு
நான் ஆத்தில இல்ல."
அதை நான் கேட்கவே இல்லை.
ஒள்ளுப்பம் நின்றுவிட்டு,
"இத எழுதாத" என்றார்.

கலியாண வீட்டுக்குக் கோபக்காரன் வந்தால்
முதல் ஆளாய் அவனைத்தான் பந்தியில் இருத்துவார்கள்.
அவன் இலையில் கறி குறைந்தால்
அது ஊரெல்லாம் கதையாகிவிடும்.
அப்பாவின் பந்தி ஒன்றரைப் பக்கம் வந்தது.
வாசித்துப் பார்த்தேன்,
அவரே வென்றுவிடுவார் போலிருந்தது.

நாலாம் பந்தியை "ஆயினும்" என்று தொடங்கி
நடுச்சாமம் வரை அதிலேயே இருந்தேன்.
அந்த ஒரு சொல்லில்
ஆறும் இடியக்கூடாது, அப்பாவும் விழக்கூடாது.
கடைசியில் தலைப்பையே திருத்தினேன்:
அந்த எட்டு மாதத்துக்கும் வேலை கொடுத்துத்
தடைசெய்ய வேண்டும்.
புள்ளி குறையும், தெரியும்.
குறையட்டும்.

ஞாயிறு பின்னேரம்
கொப்பியை மேசையில் விரித்து வைத்துவிட்டுக்
கடைக்குப் போனேன்.
வந்தபோது அது மூடியிருந்தது.
அப்பா எதுவும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

திங்கள் விடிய நாலு மணிக்கு
மெசின் இரண்டு தரம் இருமிவிட்டு வழமைபோல் பிடித்தது.
சத்தம் ஆற்றுப் பக்கம் போய்த் தேயும்வரை
படுத்தே கிடந்தேன்.

வகுப்பில் கொடுக்கும்போதுதான் கண்டேன்,
கிறீஸ் பிடித்த பெருவிரல் அடையாளம்,
கோடு கோடாய்த் தெளிவாக,
"ஆயினும்" மேல்.