சிவப்பு வட்டம் இருந்த இடம்

சபேசனுக்கு இந்த வாரம் சிப்காட்டில் இரவு ஷிப்ட்.
அவன் பைக் தெருமுனை திரும்பியதும்
ஃபேனை நிறுத்துகிறேன், ஃபிரிட்ஜை நிறுத்துகிறேன்,
(மூன்று முறை பால் திரிந்திருக்கிறது)
பீரோவைத் திறந்து
புடவைகளை மைக்கின் பின்னால் தொங்கவிடுகிறேன்.
கல்யாணப் பட்டுதான் எதிரொலியை நன்றாகக் குடிக்கிறது.
வேறு எதற்கும் அது வெளியே வருவதில்லை.

புதிய பதிப்பு தயார் என்றது கம்ப்யூட்டர்.
வங்கியில் நாள் முழுக்க ஓகே ஓகே என்று அழுத்தும் விரல்
படிக்காமல் அழுத்திவிட்டது.
நாற்பது நிமிடம். கொசு.
மஞ்சக்குப்பமே உறங்க
ஒரு நீலக்கோடு மட்டும் ஊர்ந்துகொண்டிருந்தது.

திறந்தால்,
யாரோ வந்து என் சமையலறையை
ஒழுங்குபண்ணிவிட்டுப் போயிருக்கிறார்கள்.
உப்பு இருந்த இடத்தில் சோடா உப்பு.
கீழே இடதுபக்கம் இருந்த சிவப்பு வட்டம்
மேலே வலதுபக்கம்,
வட்டம்கூட இல்லை, வேர்க்குரு மாதிரி ஒரு புள்ளி.
ஆறு வருடம் பழகிய கை
கண்ணைக் கேட்காமல் கீழே போகிறது.
அங்கே இப்போது 'ஷேர்' இருக்கிறது.
என் தொண்டைச் செருமலை
உலகத்துக்கு அனுப்பட்டுமா என்கிறது.

மெட்ரோனோமின் குரலும் மாறிவிட்டது.
முன்பு மரக்கட்டை.
இப்போது யாரோ 'ச்சு, ச்சு' கொட்டுவது போல.
ஒவ்வொரு தட்டுக்கும்
நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன்.

யாஸ்மினோடு பாடியதைத் திறந்தேன்.
அவள் அப்போது பக்கத்துக் கவுன்ட்டர். இப்போது மஸ்கட்.
ஒரு பெட்டி எழுந்தது:
இதில் பயன்படுத்திய 'பெரிய ஹால்' காணவில்லை.
காணவில்லை. போஸ்டரில் போடுவார்களே, அந்தச் சொல்.
ஏதோ ஊரில் ஏதோ பையன்
இலவசமாகச் செய்து கொடுத்த எதிரொலி அது.
அவனுக்கும் வேலை கிடைத்திருக்கும்.
அதைப் பூசித்தான் எங்கள் இரண்டு குரலையும்
கோபுர உயரத்துக்கு ஏற்றியிருந்தேன்.

பூச்சு இல்லாமல் ஓடவிட்டேன்.

யாஸ்மின் சுதியில் இல்லை. நான் அவளைவிட மோசம்.
இரண்டாவது வரியில்
திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஒரு ரயில்.
மூன்றாவதில் மேல்வீட்டுக் குக்கர்.
சரணத்துக்கு முன்னால், வெட்ட மறந்த ஓர் இடத்தில்
மிகத் தாழ்ந்த குரலில் அவள்
"டோக்கன் நம்பர் நாற்பத்தேழு" என்கிறாள்.
நான் சிரிப்பை அடக்குவது மூக்கில் கேட்கிறது.
ஹாலுக்குள் இத்தனை வருடம்
இது உட்கார்ந்திருந்திருக்கிறது.

அதற்காகப் பாட்டு நன்றாயிருக்கிறது என்று சொல்லமாட்டேன்.
எதிரொலி வேண்டும்.

எந்த இடத்திலும் ஒருமுறை கைதட்டிப் பதிந்தால்
அந்த இடத்தையே பாட்டுக்குப் போர்த்துமாம் புதிய பதிப்பு.
ஹெல்ப் பக்கத்தை முதன்முறையாகப் படித்தேன்.
ஞாயிறு, மாடித்தொட்டி கழுவும் நாள்.
ப்ளீச்சிங் நெடிக்குள் மைக்கோடு இறங்கி
ஒரே ஒரு தட்டு தட்டினேன்.
அது சுவர் சுவராகப் போய்
யோசித்து யோசித்துத் திரும்பிவந்தது.
மூடி வழியே எட்டிப் பார்த்தார்
வீட்டுக்காரர் துரைக்கண்ணு.
தொட்டிக்குள் கைதட்டும் குடித்தனக்காரியிடம்
வேறெதுவும் கேட்கவில்லை.
"தண்ணி எப்பம்மா விடட்டும்?"

அதுவும் பதிவாகியிருந்தது.
யாஸ்மின் பாடும் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால்
மங்கலாக ஒரு துரைக்கண்ணு கேட்கிறார்.
வெட்டிவிடலாம் என்றால்
கத்தரிக்கோலை எங்கே வைத்தார்கள்?
கால்மணி நேரம் தேடினேன்.
பிறகு அப்படியே மஸ்கட்டுக்கு அனுப்பினேன்.
இரண்டு நீல டிக்.
"ஏண்டி, கிணத்துல விழுந்துட்டமா?
கூட யாரு, வாட்டர்மேனா?"
அடுத்த நிமிடமே இன்னொன்று:
"நாற்பத்தேழை வெட்டிடாதே."

விடிய ஆறு பத்து. கடைசி டேக்.
புடவையெல்லாம் வியர்த்திருக்கிறது, அல்லது நான்.
தெருமுனையில் பைக்.
நிறுத்தப் போன கை முதலில் கீழே இறங்கி,
நினைவு வந்து மேலே போவதற்குள்
கேட் திறக்கும் சத்தமும்
உள்ளே வந்துவிட்டது.